பாகம் வாங்கும் முன் புகாருக்கு ஒரு முகவரி

மாற்றியமைத்த ஸ்போர்ட்ஸ் காரை டிராக்கில் ஓட்டிவிட்டுப் பிட்டுக்குத் திரும்புகிறவரிடம் கார் எப்படி என்று கேட்டால், விடை பெரும்பாலும் ஒரே வரிதான். “முன்னாடி ஓடுது, திரும்ப மாட்டேங்குது” என்பார். இல்லையென்றால் “பின்னாடி வீசுது” என்பார். முதலாவதற்கு அண்டர்ஸ்டீர், இரண்டாவதற்கு ஓவர்ஸ்டீர் என்று பெயர் வைத்ததுமே கோளாறு பிடிபட்டுவிட்டதாக ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. மருந்தும் தயாராக இருக்கும்: முன்பக்கம் ஓடினால் பின்னால் தடித்த ஆன்டி ரோல் பார், பின்பக்கம் வீசினால் பின்னால் அகலமான டயர். இந்த அத்தியாயத்தின் வாதம் இதற்கு எதிரானது. வளைவின் எந்தக் கட்டத்தில், எந்த வேகத்தில், எந்தப் பக்கம் திரும்பும்போது, எத்தனையாவது லேப்பில் என்று தெரியாதவரை அந்தப் புகாரை வைத்து எந்தப் பாகத்தின் மீதும் பழி போட முடியாது. தெரிந்துகொண்ட பிறகு பார்த்தால், இல்லாத பாகத்தைவிட ஏற்கெனவே போட்ட பாகம்தான் பெரும்பாலும் குற்றவாளியாக இருக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் ஸ்பிரிங், டயர், கேம்பர், பிரேக் எல்லாம் ஒன்றையொன்று அனுசரித்துப் போகும்படி அமைந்திருக்கின்றன. அதில் ஒன்றை மாற்றினால் மற்றவை அனைத்தும் தவறான துணையோடு வேலை செய்யத் தொடங்குகின்றன.

புகாரின் முகவரிதான் தீர்வைத் தீர்மானிக்கிறது என்பதற்குக் கார் நிறுவனங்களின் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 1960 மாடலாக வந்த செவர்லே கார்வேருக்கு இன்ஜின் பின்னால். பின் சக்கரங்களோ ஸ்விங் ஆக்சில் என்ற எளிய அமைப்பில் தொங்கின. பின்பக்கம் திடீரென்று வெளியே போகும் அந்தக் காரின் குணத்தை அடக்க நிறுவனம் பெருமளவு நம்பியிருந்தது காற்றழுத்தத்தை: முன் டயரில் 15 பிஎஸ்ஐ, பின் டயரில் 26. நாலு டயரிலும் ஒரே அளவு காற்று பிடித்துப் பழகிய பெட்ரோல் பங்க் பையனால் ஒரே நிமிடத்தில் அந்தப் பாதுகாப்பைக் கலைத்துவிட முடிந்தது. 1998இல் வந்த முதல் ஆடி டிடியின் கதை வேறு. ஊருக்குள் அதன்மேல் குறையே இல்லை. ஜெர்மனியின் அதிவேகச் சாலைகளில், பெரு வேகத்தில் பாதை மாறும்போதும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்கும்போதும்தான் பின்பக்கம் நழுவியது. உயிர்கள் போன பிறகு கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. சஸ்பென்ஷனைத் திருத்தினார்கள், இஎஸ்பி சேர்த்தார்கள், பின் மூடியில் ஒரு சின்ன ஸ்பாய்லரும் வைத்தார்கள். வேகத்தோடு வந்த புகார் என்பதால் தீர்வில் காற்றுக்கும் இடம் இருந்தது. ஆரம்பகால போர்ஷே 911இல் முன்பக்கம் லேசாக இருக்கிறதென்று பம்பருக்குள் இரும்பு எடைகளை வைத்தார்கள். பிறகு 1969 மாடலில் பின் சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினார்கள். மூன்றுமே பின்பக்கம் நழுவிய கார்கள்தான். ஆனால் ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு ஆகியிருக்காது.

மேலே போவதற்கு முன் ஒரேயொரு இயற்பியல் விஷயம் கையில் இருந்தாக வேண்டும். வளைவில் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் பாரம் மாறுகிறது. ஓட்டுநரோடு 1,300 கிலோ எடை, தரையிலிருந்து 46 செ.மீ. உயரத்தில் எடை மையம், இடவலச் சக்கரங்களுக்கிடையே 153 செ.மீ. தூரம் என்று ஒரு காரை வைத்துக்கொண்டால், பக்கவாட்டு விசை 1 ஜி ஆகும்போது ஏறக்குறைய 390 கிலோ இடம் மாறும். ஸ்பிரிங்கை இறுக்கினாலும் ஆன்டி ரோல் பாரைத் தடிப்பாக்கினாலும் இந்த 390 கிலோ அப்படியே இருக்கும். அதில் எவ்வளவை முன் சக்கரங்கள் வாங்கிக்கொள்வது, எவ்வளவைப் பின் சக்கரங்கள் வாங்கிக்கொள்வது என்ற பங்கீடு மட்டும்தான் மாறும். டயருக்கு இன்னொரு குணமும் உண்டு. பாரம் இரட்டித்தால் பிடிமானம் இரட்டிக்காது. கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். ஆகவே எந்த அச்சு அதிகப் பாரமாற்றத்தை ஏற்கிறதோ அந்த அச்சு பிடிமானத்தில் நஷ்டப்படும். முன்பக்கம் விறைத்தால் முன்பக்கம் ஓடும், பின்பக்கம் விறைத்தால் பின்பக்கம் வீசும். ஸ்பிரிங், பார், சஸ்பென்ஷன் அமுங்கி முடியும் இடத்தில் முட்டும் ரப்பரான பம்ப் ஸ்டாப் ஆகிய எல்லாமே இந்தப் பங்கீட்டுக்குள் அடங்கும் என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

உதாரணத்துக்கு 2012இல் வந்த டொயோட்டா ஜிடி86ஐ எடுத்துக்கொள்வோம். மலேசியாவில் செப்பாங் டிராக்கில் ஓட்டும் தமிழ் இளைஞர்களுக்கு இது பழக்கமான வண்டி. இன்ஜின் முன்னால், உந்துதல் பின் சக்கரங்களுக்கு. முன்னால் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்னால் டபுள் விஷ்போன். முன் சக்கரத்தின் கேம்பர், அதாவது செங்குத்திலிருந்து சாயும் கோணம், தொழிற்சாலைக் கணக்கில் ஏறக்குறைய பூஜ்யம். 215 மி.மீ. அகலமுள்ள, அதிகம் ஒட்டாத டயர்களோடு வந்த இந்தக் காரை வாங்குகிறவர் முதல் வருடத்தில் செய்யும் மாற்றங்களைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்: 40 மி.மீ. தாழ்த்திய காயிலோவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் தொகுப்பு), ஒட்டும் ரகத்தில் 245 டயர், முன் பிரேக்குக்கு நல்ல பேட். அதற்குப் பிறகு வரும் புகாரையும் சொல்லிவிடலாம். நீளமான வளைவின் நடுவில் முன்பக்கம் ஓடுகிறது. அடுத்து வாங்கப்போவது பின் ஆன்டி ரோல் பார்.

ஜாக்கியில் ஏற்றிப் பார்க்கும் வேலையை முதலில் முடித்துவிடுங்கள். வீல் பேரிங்கில் ஆட்டம், பால் ஜாயின்ட், வெடித்த புஷ், எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பர், தளர்ந்த டிராப் லிங்க் நட்டு என்று கால் மணி நேர வேலை. காயிலோவர் மாட்டிய வண்டியில் லோயர் ஆர்ம் போல்ட்டுகளை வண்டி தொங்கும்போதே இறுக்கியிருந்தால் ரப்பர் புஷ்கள் முறுக்கிக்கொண்டே வேலை செய்யும்; வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போது தளர்த்தி மறுபடி இறுக்க வேண்டும். இதெல்லாம் சரியென்றான பிறகுதான் மற்றது.

இனி முகவரி. வளைவை மூன்று கட்டங்களாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்: பிரேக்கை விட்டுக்கொண்டே ஸ்டீரிங்கைத் திருப்பும் நுழைவு, ஸ்டீரிங்கும் ஆக்ஸிலரேட்டரும் அசையாமல் இருக்கும் நடுப்பகுதி, ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே ஸ்டீரிங்கை நேராக்கும் வெளியேற்றம். இந்தப் பிரிவினை சந்தேகப் பட்டியலைப் பாதியாகக் குறைத்துவிடும். ஷாக் அப்சார்பர் அசையும்போது மட்டுமே விசை தரும். ஆகவே மட்டமான தளத்தில், வளைவின் நடுவில் நிலையாக நிற்கும் காரின் புகாருக்கு அதன் மீது பழிபோட முடியாது. காயிலோவரின் குமிழைத் திருகித் திருகி நடுவளைவைச் சரிசெய்யப் பார்ப்பவர் நேரத்தைத்தான் வீணாக்குகிறார். நுழைவில் மட்டும் பின்பக்கம் ஆடினால் பிரேக் பேட்களின் முன்பின் சமநிலையையும் பின் சக்கரங்களின் டோவையும் (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ நோக்கும் கோணம்) பாருங்கள். பின்னால் மட்டும் கடுமையான பேட் போட்டுவிட்டாலோ, பின் டோ வெளிப்பக்கம் திறந்திருந்தாலோ நேர்கோட்டிலேயே கார் பதற்றப்படும். வெளியேற்றத்தில் மட்டும் பின்பக்கம் போனால் கேள்வி டிஃபரன்ஷியலையும் உள்பக்கப் பின் சக்கரத்தையும் பற்றியது. நம் ஜிடி86இன் புகாரோ நடுவளைவில் எழுகிறது. அப்படியானால் டயர், கேம்பர், பாரப் பங்கீடு ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும்.

டயரிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் மிகச் சுலபமாகத் திருத்தக்கூடியது அதுதான். சாலைக் கணக்கில் 35 பிஎஸ்ஐ காற்றோடு, 30 டிகிரி காலை வெயிலில் கிளம்புகிற டயரின் உட்காற்று 80 டிகிரியைத் தொட்டால் அழுத்தம் 43 பிஎஸ்ஐயைத் தாண்டிவிடும். இது வாயு விதியின் நேரடிக் கணக்கு. காற்றில் ஈரம் இருந்தால் இன்னும் கூடும். அந்த அழுத்தத்தில் டயரின் நடுப்பகுதி உப்பிக்கொண்டு தரையைத் தொடும் பரப்பு சுருங்கும். “முதல் இரண்டு லேப் நல்லாயிருக்கு, அப்புறம் வழுக்குது” என்ற புகாரின் முகவரி பெரும்பாலும் இதுதான். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் மே மாத மதியத்தில் காலையில் வைத்த அழுத்தம் பொருந்தவே பொருந்தாது. ஆகவே குளிர்ந்த டயரில் அளப்பதை விட்டுவிட்டு, ஓட்டி முடித்துப் பிட்டுக்குள் நுழைந்த கணத்தில் அளந்து இறக்குவதே முறை. ஒட்டும் ரகச் சாலை டயர்கள் பெரும்பாலும் சூட்டில் 30க்கும் 36க்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில் திருப்தியாக இருக்கும். எந்த இடம் என்பதை அந்த டயர்தான் சொல்ல வேண்டும்.

டயர் அதைச் சொல்வது வெப்பத்தின் மூலம். ஊசி முனையை ரப்பருக்குள் லேசாகக் குத்தி அளக்கும் பைரோமீட்டர் வேண்டும். தூரத்திலிருந்து ஒளியால் அளக்கும் கருவி மேல்தோலின் சூட்டைத்தான் காட்டும், அது நேர்ச்சாலையிலேயே ஆறிப்போகிற சூடு. வெளியோரம், நடு, உள்ளோரம் என்று மூன்று இடத்தில் குத்திப் பாருங்கள். நடு மட்டும் மிகச் சூடென்றால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் நடுவைவிடச் சூடென்றால் காற்று குறைவு. உள்ளோரம் வெளியோரத்தைவிடச் சில டிகிரி கூடியிருப்பது நல்ல கேம்பரின் அடையாளம். வெளியோரம் 105, நடு 95, உள்ளோரம் 80 என்று ஒரு முன் டயர் காட்டினால், அந்த டயர் வளைவில் தன் வெளித்தோளின் மீது புரண்டு ஓடுகிறது என்று பொருள். பூஜ்யக் கேம்பரில் தொடங்கிய ஜிடி86 இப்படித்தான் காட்டும். தாழ்த்தினாலே கொஞ்சம் நெகட்டிவ் கேம்பர் தானாக வருமே என்று கேட்கலாம். வரும், ஆனால் கொஞ்சம்தான். மேக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில் லோயர் ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டால், அதற்குமேல் சக்கரம் அமுங்க அமுங்க கிடைக்கும் கேம்பர் குறைந்துகொண்டே போகும். நிற்கும் காரில் அழகாகத் தெரியும் கேம்பர், உருண்டு சாயும் காரில் காணாமல் போகிறது. முன் சக்கரங்களுக்கு டிராக் ஓட்டத்தில் மைனஸ் இரண்டரை முதல் மூன்றரை டிகிரி வரை தேவைப்படுவது இதனால்தான்.

கேம்பரைத் திருத்தி, காற்றைத் திருத்தி, அதற்குப் பிறகும் நடுவளைவில் முன்பக்கம் ஓடுகிறதா? இப்போதுதான் இந்த அத்தியாயத்தின் முக்கியக் குற்றவாளிக்கு வருகிறோம். சஸ்பென்ஷன் அமுங்குவதற்கு இடமிருக்கிறதா என்ற கேள்வியை ஏறக்குறைய யாரும் கேட்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொழிற்சாலை உயரத்தில் முன் சக்கரம் பம்ப் ஸ்டாப்பைத் தொடும்வரை 70 மி.மீ. மேலேற இடமிருந்தது, பழைய டயரில் 0.9 ஜி வளைவில் 50 மி.மீ. அமுங்கியது என்று வைத்துக்கொள்வோம். ஷாக் அப்சார்பரின் உடல் நீளம் மாறாமல் காரை 40 மி.மீ. தாழ்த்தினால் மீதியிருப்பது 30. ஒட்டும் டயர் வந்ததால் வளைவு விசை 1.1 ஜி. ஸ்பிரிங் ஒன்றரை மடங்கு கடினம். 50ஐ 1.1ஆல் பெருக்கி 0.9ஆல் வகுத்து, மறுபடி ஒன்றரையால் வகுத்தால் 41 மி.மீ. வருகிறது. அமுங்க வேண்டியது 41, இருப்பது 30. போதாததற்கு, தாழ்த்தும்போது மேக்ஃபர்சன் அமைப்பின் ரோல் மையம் (கார் எந்தப் புள்ளியைச் சுற்றி உருள்கிறதோ அது) எடை மையத்தைவிட வேகமாகக் கீழிறங்குவதால் கார் உருளும் நெம்புதூரமும் கூடுகிறது. ஆகவே வளைவின் நடுவில் முன் வெளிச்சக்கரம் பம்ப் ஸ்டாப்பில் போய் உட்கார்கிறது. அந்தக் கணத்தில் முன்பக்க விறைப்பு பல மடங்காகிறது, பாரமாற்றத்தின் பெரும்பங்கு முன்னால் போகிறது, முன்பக்கம் ஓடுகிறது. ஓட்டுநருக்குத் தெரிவதெல்லாம் இதுவரை சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த ஸ்டீரிங் திடீரென்று மரத்துப்போனது என்பதுதான். அந்தத் ‘திடீர்’ ஒரு தடயம். கேம்பர் குறைவால் வரும் ஓட்டம் மெல்ல மெல்ல வளரும், பம்ப் ஸ்டாப்பால் வருவது கதவு சாத்தியதுபோல் வரும்.

இதை ஊகத்தில் விட வேண்டியதில்லை. ஷாக் அப்சார்பரின் பளபளப்பான தண்டில் மெல்லிய கேபிள் டை ஒன்றை இறுக்கமாகக் கட்டி, ஷாக் உடலை ஒட்டிக் கீழே இறக்கி வையுங்கள். ஓடி முடித்ததும் அது எவ்வளவு மேலே தள்ளப்பட்டிருக்கிறது என்று அளந்தால் அன்றைய அதிகபட்ச அமுக்கம் தெரிந்துவிடும். டை போய் ரப்பரில் புதைந்து நின்றால் வழக்கு முடிந்தது. தண்டு வெளியே தெரியாத தலைகீழ் வகை ஸ்ட்ரட்டாக இருந்தால் பம்ப் ஸ்டாப்பின் முனையில் கிரீஸ் தடவி, தடம் பதிந்திருக்கிறதா என்று கழற்றித்தான் பார்க்க வேண்டும். கேபிள் டை அதிகபட்சத்தைத்தான் சொல்லும், எங்கே நிகழ்ந்தது என்று சொல்லாது. ஒருமுறை கர்ப் மீது ஏறினாலோ ஓங்கிப் பிரேக் அடித்தாலோ டை மேலே போயிருக்கும். ஆகவே கர்ப்பைத் தொடாமல், பிரேக்கை மென்மையாக வைத்து, புகார் எழும் வளைவை மட்டும் முழு வேகத்தில் எடுத்து மூன்று லேப் ஓட்டிய பிறகு அளக்க வேண்டும்.

பம்ப் ஸ்டாப்பைத் தொடுவதே தவறு என்று இங்கே சொல்லவில்லை. இன்றைய பல கார்களில் நீண்ட மெத்தென்ற பம்ப் ஸ்டாப் ஸ்பிரிங்கின் ஒரு பகுதியாகவே திட்டமிடப்பட்டு, சீக்கிரமே தொட்டு மெல்ல மெல்ல விறைக்கிறது. கட்டையான கடின ரப்பரில், தாழ்த்திய காரில், திட்டமில்லாமல் போய் மோதுவதுதான் பிரச்சினை. தீர்வுக்கும் பணம் தேவையில்லை. காரை நான்கு பக்கமும் 15 மி.மீ. உயர்த்துங்கள். இடம் 45 ஆகிறது. தேவையான 41க்கு மேலே. எடை மையம் உயர்ந்துவிடுமே என்ற ஆட்சேபத்துக்கு மேலே போட்ட கணக்கிலேயே பதில் இருக்கிறது: 15 மி.மீ. உயர்வால் 1 ஜியில் கூடுதலாக இடம் மாறும் பாரம் சுமார் 13 கிலோ. 390 கிலோவுக்கு முன் 13 கிலோ. தோற்றம் கெடும் என்பது வேறு ஆட்சேபம். அதற்கு இந்த நூலில் பதில் இல்லை. உயர்த்தும்போது ரோல் மையமும் லோயர் ஆர்மின் கோணமும் சேர்ந்தே திருந்துவதால், குணம் கிடைத்தால் அது இடம் கிடைத்ததாலா கோணம் திருந்தியதாலா என்று பிரித்தறிய முடியாது என்பது உண்மை. இரண்டும் தாழ்த்தியதன் விளைவுதான், இரண்டுக்கும் ஒரே ஸ்பானர்தான் என்பதால் இந்தக் குழப்பத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

“இவ்வளவு எதற்கு? பின் பார் போட்டேன், சரியாகிவிட்டது” என்பவர்களின் அனுபவம் பொய்யில்லை. பின்பக்கத்தை விறைக்கச் செய்தால் பாரமாற்றத்தின் பங்கைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். முன்பக்கம் ஓடுவது குறையும்தான். ஆனால் அங்கே என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். முன்பக்கம் இழந்த பிடிமானத்தை முழுதாக மீட்கவில்லை, பின்பக்கத்தையும் இழக்கச் செய்திருக்கிறோம். தடித்த பார் உள்பக்கப் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கும். பெரும்பாலான ஜிடி86களில் இருக்கும் டார்சன் வகை டிஃபரன்ஷியல், ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால் மற்றதற்கும் அதிகம் முறுக்குவிசை தராது. வெளியேற்றத்தில் கார் தள்ளாமல் இன்ஜின் மட்டும் அலறுகிறது. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை. இதைவிட மோசமானது மழையில் காத்திருக்கிறது. ஈரத் தளத்தில் அதே கார் 0.7 ஜிதான் காணும் என்று வைத்தால், அதே கணக்குப்படி முன் சக்கரம் 26 மி.மீ.தான் அமுங்கும், பம்ப் ஸ்டாப்பைத் தொடவே தொடாது. காய்ந்த தளத்தில் பம்ப் ஸ்டாப்போடு சமன் செய்து வைத்த பின் பார், எதிராளி விலகிப்போன கயிறிழுப்பில் தனியே இழுக்கத் தொடங்கும். கார் பின்னால் வீசும். செப்பாங்கில் மதியம் மூன்று மணிக்கு இடியோடு மழை இறங்குவது புதுமையில்லை. காலையில் ‘சரியான’ கார் மாலையில் சரளையில் கிடப்பதற்கு ஓட்டுநரின் கை மட்டும் காரணமாக இருக்காது. காய்ந்த தளத்தில் முன்பக்கம் ஓடி, ஈரத்தில் பின்பக்கம் வீசும் கார் எதுவாக இருந்தாலும் முதலில் பம்ப் ஸ்டாப்பைப் பாருங்கள்.

வேகத்தைச் சார்ந்த புகார்களைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் வளர்கிறது, 60 கி.மீ. வேகத்தில் இருந்தது 120இல் நான்கு மடங்கு. மெதுவான வளைவில் கார் சமநிலையாக இருந்து, வேகமான வளைவில் மட்டும் முன்பக்கம் ஓடினால், பின்னால் பெரிய விங் மாட்டி முன்னால் எதுவும் மாட்டவில்லையா என்று பாருங்கள். விங் பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால், பின்பாரம் ஏறிய மாட்டுவண்டியில் நுகத்தடி எழும்புவதுபோல முன் சக்கரங்களின் பாரத்தையும் அது கொஞ்சம் தூக்கிவிடுகிறது. விங்கின் கோணத்தைக் குறைத்து ஓட்டிப் பார்த்தால் ஒரே சுற்றில் விடை தெரியும். மறுதலையாக, மெதுவான வளைவில் மட்டும் எழும் புகாருக்கு விங்கைத் திருகுவதில் பயனே இல்லை.

இடப்பக்கம் திரும்பும்போது ஒழுங்காகவும் வலப்பக்கம் திரும்பும்போது அடங்காமலும் இருக்கும் கார் தன் கோளாறை ஏறக்குறைய வாய்விட்டே சொல்கிறது. வடிவமைப்பில் இடம் வலம் இரண்டும் ஒன்றுதான். வேறுபாடு வந்தால் அளவிலோ பழுதிலோதான் வந்திருக்கும். காயிலோவரின் உயரத்தை டேப் வைத்துச் சக்கர வளைவுவரை அளந்து சரிசெய்த கார்களில் இது சகஜம். நாற்காலியின் ஒரு காலுக்கு அட்டை வைத்தால் நடப்பதே இங்கேயும் நடக்கிறது: மூலைவிட்டத்தில் இருக்கும் இரண்டு சக்கரங்கள் பாரத்தை அதிகம் சுமக்கும். நான்கு தராசு வைத்து, ஓட்டுநரையோ அவர் எடைக்கு மூட்டையையோ இருக்கையில் ஏற்றி, வலமுன் இடப்பின் கூட்டுத்தொகை மொத்தத்தில் பாதிக்கு அருகில் வரும்படி திருத்த வேண்டும். அந்த வேலை நடக்கும்போது ஆன்டி ரோல் பார் லிங்க்கைக் கழற்றி வையுங்கள். முறுக்கேறிய பார் தராசையே ஏமாற்றும்.

கார் அல்ல, ஓட்டுநர்தான் கோளாறு என்ற ஆட்சேபம் எல்லாவற்றையும்விடப் பலமானது. டிராக் டேயில் பெரும்பாலும் சரியானதும்கூட. ஆனால் அதை ஒரு தீர்ப்பாக வீசுவதைவிடச் சோதனையாக மாற்றுவது நல்லது. புகார் எழும் வளைவில் நுழைவு வேகத்தை 5 கி.மீ. குறைத்து, பிரேக்கை இன்னும் கொஞ்சம் முன்னதாக விட்டுப் பாருங்கள். முன்பக்கம் ஓடுவது மறைந்து, வெளியேறும் வேகம் கூடினால், தரக்கூடியதைவிட அதிகமாகக் காரிடம் கேட்டிருக்கிறோம். ஓடத் தொடங்கிய முன்பக்கத்தைக் கட்டுப்படுத்த ஸ்டீரிங்கை மேலும் மேலும் ஒடிப்பவருக்குக் கேம்பர் சரியாக இருந்தாலும் வெளித்தோள் எரியும். டயர் ஒரு கோணம்வரைதான் பிடிமானத்தைக் கூட்டும், அதற்குமேல் சூட்டைத்தான் கூட்டும். பயிற்சியாளரை அதே காரில் ஓட்டச் சொல்லி, அவரிடம் உங்கள் புகாரை முன்கூட்டியே சொல்லாமல், அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். இருவரும் ஒரே வளைவின் ஒரே கட்டத்தைச் சொன்னால் கார். அவர் சொல்லாவிட்டால் ஓட்டுநர்; அன்றைய செலவில் மிகவும் மலிவான கண்டுபிடிப்பு அது.

லேப் நேரம் குறைந்திருக்கிறதே, அதைவிட என்ன சாட்சி என்பார் இன்னொருவர். லேப் நேரத்தில் டயரும், தள வெப்பமும், முன்னால் போன காரின் நெரிசலும், ஓட்டுநர் அந்த டிராக்கைக் கற்றுக்கொண்ட அளவும் கலந்திருக்கின்றன. ஒட்டும் டயர் ஒன்று மட்டுமே மற்ற நான்கு தவறான மாற்றங்களின் இழப்பை மூடி மறைத்து மிச்சமும் காட்டிவிடும். ஜிபிஎஸ் வசதியுள்ள சின்ன லாக்கர் ஒன்று இருந்தால், மொத்த நேரத்தை விட்டுவிட்டு, புகார் எழும் வளைவின் மிகக் குறைந்த வேகத்தை மட்டும் பாருங்கள். இதே கார், இதே டிராக், ரேஸில் ஜெயித்தவரின் அளவுகள் என்று கைமாறி வரும் தாளுக்கும் இதே மரியாதைதான். அவர் காரின் எடையும் டயரும் வேறு; அதைத் தொடக்கப்புள்ளியாக வைத்துக்கொள்ளலாம், அதற்குமேல் வேண்டாம்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் என்றால் ஆயுசு போதாது என்பது கடைசி ஆட்சேபம். ஒரு நாளில் கிடைப்பது இருபது நிமிட ஓட்டங்கள் ஐந்தோ ஆறோதான் என்பது உண்மையே. அதற்காகத்தான் சோதனைகளை விலையின் வரிசையில் அல்லாமல் பிட்டில் ஆகும் நேரத்தின் வரிசையில் அடுக்க வேண்டும். காற்று இரண்டு நிமிடம். ஆன்டி ரோல் பாரின் ஒரு முனையைக் கழற்றி விடுவது ஐந்து நிமிடம். முன் பாரை முழுதாகக் கழற்றிவிட்டு கவனமாக இரண்டு லேப் ஓட்டுவது ஒரு முரட்டுச் சோதனைதான், ஆனால் முன் சக்கரம் பம்ப் ஸ்டாப்பைத் தொடாத காரில் பாரப் பங்கீடு குற்றவாளியா இல்லையா என்பதை அது ஒரே ஓட்டத்தில் சொல்லிவிடும். அமைப்பைப் பெரிதாக மாற்றினால் காரில் உடனே தெரியும். இரண்டு பிஎஸ்ஐ, அரை டிகிரி என்று நுணுக்கமாகத் தொடங்குகிறவருக்குத்தான் நாள் போதாமல் போகும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் காற்று, தள வெப்பம், மாற்றியது என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். ஓடி முடித்து ஹெல்மெட்டைக் கழற்றும் முன் எந்த வளைவு, எந்தக் கட்டம் என்று இன்னொரு வரி. நாளின் கடைசி ஓட்டத்தைப் புதிய மாற்றத்துக்குச் செலவழிக்காதீர்கள். காலையில் தொடங்கிய அதே அமைப்புக்குக் காரைத் திருப்பி ஓட்டுங்கள். பழைய புகார் அதே வளைவில் திரும்பி வந்தால், நடுவில் கிடைத்த குணத்துக்கு நீங்கள் செய்த மாற்றமே காரணம். உடனே அதை மறுபடி போட்டுக்கொள்ளலாம். புகார் திரும்பி வராவிட்டால், மதியம் தளம் சூடேறியதாலோ கை பழகியதாலோ வந்த குணத்துக்கு ஏதோ ஒரு பாகத்தின் பெயரை எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்த வரியை அடித்துவிட்டு அடுத்த டிராக் டேயில் அங்கிருந்து தொடங்க வேண்டும்.